பிராணவாயுவும் பிள்ளை நடையும்

தவக்காலத்தின் முதல் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளந்தம்பதியர் பங்குமனைத் திண்ணையில் வந்து நின்றனர். தாயின் இடுப்பில் ஆறு வயது மகள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. ஆயினும் அந்தத் தாய் அதற்குப் பழகிப்போயிருந்தாள். பிள்ளையின் இரு கால்களும் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை அது. மூளை முடக்குவாதம் என்று மருத்துவர்கள் பெயர் சொல்லியிருந்தனர்.

"சாமி, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தோம். ஏரிக்கரை நிலத்தை விற்றுவிடலாமா?" என்றார் தந்தை.

நகரத்தில் ஓரிடத்தில் பிராணவாயுச் சிகிச்சை தருகிறார்களாம். அழுத்தம் ஏற்றிய ஒரு கலத்திற்குள் பிள்ளையை நாள்தோறும் ஒரு மணி நேரம் படுக்க வைத்து, தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வார்களாம். நாற்பது முறை செய்தால் கால் இறுக்கம் தளரும், தள்ளாடாமல் நிற்பாள், நடப்பாள் என்று சொன்னார்களாம். அப்படி நடந்த ஒரு சிறுவனின் படத்தையும் கைப்பேசியில் காட்டினார்களாம். நிலத்தை விற்றால் அந்த நாற்பது முறைக்கும், நகரில் இரண்டு மாதம் தங்குவதற்கும் சரியாக இருக்கும்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பங்கில் பணியாற்றியபோது, இதே சிகிச்சைக்காக நாமே பீடத்தின் முன்நின்று மக்களிடம் உதவி கேட்டோம். ஏழைகளும் தங்கள் காசைத் தந்தனர். அச்சிறுவன் இன்றும் நடக்கவில்லை. அது பற்றி நாம் யாரிடமும் விசாரித்ததுமில்லை. ஒரு பக்கமேனும் படித்ததுமில்லை. பரிவு இருந்தால் போதும், படிப்பு வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம் போலும். ஆகவே இம்முறை அத்தம்பதியரிடம் பத்து நாள் தவணை கேட்டோம். மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவரின் துணையுடன், இப்பொருள் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். படித்ததை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிவது நலம் என்பதாலேயே ஈண்டு எழுதலுற்றோம்.

நோய் எது?

மூளை முடக்குவாதம் என்பது தசையில் தோன்றும் நோயன்று. வளரும் மூளையில், கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சின்னாட்களிலோ ஏற்பட்ட ஒரு காயத்தின் தழும்பு அது. அக்காயம் பின்னர்ப் பெருகுவதில்லை. ஆயின் அக்காயத்தினால் தசைகளுக்குச் செல்லும் கட்டளைகள் பிசகுகின்றன. சிலருக்குத் தசைகள் விறைக்கின்றன, சிலருக்கு உடல் தானே முறுக்கிக்கொள்கிறது, சிலருக்குச் சமநிலை தவறுகிறது. உலகெங்கும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருவருக்கு இக்குறை நேர்கிறது. பலர் கூர்ந்த அறிவுடையவர்கள் என்பதை அவர்களைப் பார்த்துப் பேசாமல் பெற்றோரைப் பார்த்தே பேசும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

இதனை முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் இலண்டன் மாநகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். அவரே இளமையில் ஒரு கால் வளைந்து ஊனமுற்றவர். 1836-இல் செருமனி நாட்டுக்குச் சென்று அறுவை செய்துகொண்டு அக்குறையிலிருந்து விடுபட்டவர். கடினமான பேறும், குறைமாதப் பிறப்பும், பிறந்த குழந்தை மூச்சுத் திணறுவதும் பிற்காலக் கால் விறைப்புக்குக் காரணமாகின்றன என்று 1861-இல் அவர் மகப்பேற்று மருத்துவர் கழகத்தில் படித்த கட்டுரையினால், இந்நோய் நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் உலகறிந்த சிக்மண்ட் ஃபிராய்ட், அதற்கு முன்னர்க் குழந்தைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அவர் 1897-இல் எழுதிய நூலில் லிட்டிலோடு முழுதும் உடன்படவில்லை. கருவிலேயே மூளை பழுதுற்றிருந்தமையாலன்றோ பேறும் கடினமாயிற்று என்று அவர் ஐயுற்றார். இன்றைய ஆராய்ச்சி அவர் ஐயத்தைப் பெரிதும் மெய்ப்பித்துள்ளது. பிறப்பின்போது பிராணவாயு குறைந்தமை ஒரு காரணமே, ஒரே காரணமன்று. குறைமாதப் பிறப்பும், கருவில் நேரும் தொற்றும், மூளைக்குழாய் அடைப்பும், கவனியாது விடப்பட்ட மஞ்சட்காமாலையும் பிற காரணங்கள்.

இதனை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? 'பிராணவாயு குறைந்ததால் வந்த நோய். ஆகவே பிராணவாயு கொடுத்தால் தீரும்' என்பதுதான் இச்சிகிச்சையைப் பற்றிப் பெற்றோர் மனத்தில் பதியும் முதல் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. வெள்ளத்தில் இடிந்த வீட்டை, வெள்ளம் வடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, இன்னும் நீரிறைத்துச் சீர்செய்ய முடியுமா என்று எவரும் கேட்பதில்லை.

காற்றறையின் கதை

அழுத்தக் கலம் பொய்யான கருவியன்று. சாதாரணக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. அதுவே நம் குருதியின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முற்றும் நிரப்பிவிடப் போதுமானது. மேலும் மேலும் கொடுத்தாலும் அவை அதிகமாக ஏற்பதில்லை. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால், சோடாப் புட்டியில் வாயு கரைவதுபோல, குருதியின் நீர்ப்பகுதியிலும் பிராணவாயு கரைகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறுவை மருத்துவர் போரெமா என்பவர் 1960-இல் பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதும் அகற்றிவிட்டு, மூன்று மடங்கு வளியழுத்தத்தில் வெறும் நீர்ப்பகுதியில் கரைந்த பிராணவாயுவைக் கொண்டே அவற்றை உயிரோடிருக்கச் செய்து காட்டினார். மருத்துவ உலகம் வியந்தது.

ஆழ்கடலில் மூழ்கி விரைவாக மேலெழுந்தோர்க்கு நேரும் வாதம், அடுப்புக் கரியின் நச்சுப்புகை மூச்சில் ஏறியவர் நிலை, சதையை அழுகச் செய்யும் சில கொடிய தொற்றுகள், நீரிழிவினால் ஆறாத சில கால்புண்கள், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த தசை ஆகியவற்றுக்கு இக்கலம் இன்றும் நன்மை செய்கிறது. அங்கெல்லாம் அதற்குரிய இடம் உண்டு.

ஆனால் ஒரு நல்ல கருவி கையில் கிடைத்துவிட்டால் எல்லா நோய்க்கும் அதையே மருந்தாக்க விழையும் ஆசை மனிதனுக்கு இயல்பு. அமெரிக்காவில் ஆர்வல் கன்னிங்காம் என்ற மருத்துவர் 1928-இல் கிளீவ்லாந்து நகரில் 64 அடி விட்டமுள்ள ஓர் எஃகு உருண்டையை ஐந்தடுக்கு மருத்துவமனையாகக் கட்டினார். ஒரு பெருஞ்செல்வர் பொருள் வழங்கினார். நீரிழிவு முதல் மேகநோய் வரை அனைத்தும் அழுத்தக் காற்றினால் தீருமென்று அவர் நம்பினார். சான்று காட்டுமாறு அந்நாட்டு மருத்துவர் சங்கம் பலமுறை கேட்டும் அவர் காட்டவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அம்மாபெரும் உருண்டை பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அதனுள் படுத்தெழுந்தவருள் சிலர், நலமடைந்தோம் என்றே கூறிச் சென்றனர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மூளை முடக்குவாதத்திற்கு இதனைப் பரிந்துரைப்போர் கூறும் விளக்கம் இது. மூளையில் இறந்துபட்ட பகுதியைச் சுற்றி, இறவாமலும் இயங்காமலும் உறங்கிக்கிடக்கும் அணுக்கள் உள்ளன. மிகுந்த பிராணவாயு அவற்றைத் தட்டியெழுப்பும் என்பர். புதிதாகப் பக்கவாதம் கண்டவரிடத்தில், சில மணி நேரத்திற்கு, அத்தகைய பகுதி உண்டு. ஆண்டுகள் பல கடந்த குழந்தையின் மூளையிலும் அது காத்திருக்கிறது என்பது கருத்தேயன்றி மெய்ப்பிக்கப்பட்டதன்று. எனினும் கருத்து பிழையாயினும் மருந்து பலிப்பதுண்டு. ஆகவே பலிக்கிறதா என்று பார்ப்பதே நேர்வழி.

கியூபெக்கில் நடந்தது

பார்த்தவர்கள் உண்டு. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில், 1990-களின் இறுதியில், 25 பிள்ளைகளுக்கு இச்சிகிச்சை அளித்த ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. பிள்ளைகளிடம் முன்னேற்றம் காணப்பட்டது. பெற்றோரின் நம்பிக்கை பொங்கியது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத பிள்ளைகள் இல்லை. ஆகவே மருத்துவர் ழான்-போல் கொலே தலைமையில் பெரிய ஆய்வொன்று தொடங்கப்பட்டு, அதன் முடிவு 2001-ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று.

மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 111 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் ஒன்றே முக்கால் மடங்கு வளியழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தனர். அது கடலுக்குள் ஏறத்தாழ 25 அடி ஆழத்தில் இருக்கும் அழுத்தம். மறு பிரிவினர் அதே போன்ற கலத்தில், 1.3 மடங்கு அழுத்தத்தில், நாமனைவரும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றையே சுவாசித்தனர். காதில் சிறிது அழுத்தம் தோன்றினால்தான் பிள்ளையும் பெற்றோரும் உண்மைச் சிகிச்சை என்று நம்புவர் என்பதற்காகவே அச்சிறிதளவு அழுத்தம். இரு பிரிவினருக்கும் நாற்பது முறை. உட்காருதல், தவழ்தல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றை அளக்கும் அளவுகோல் ஒன்றினால், எவர் எப்பிரிவு என்றறியாத பயிற்சியாளர்கள் பிள்ளைகளைச் சோதித்தனர்.

விளைவு யாது? பிராணவாயு பெற்ற பிள்ளைகள் ஏறக்குறைய 3 விழுக்காடு முன்னேறினர். வெறுங்காற்றுப் பெற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய 3 விழுக்காடு முன்னேறினர். வேறுபாடில்லை. காது வலியும் காதுப் பழுதும் மட்டும் பிராணவாயுப் பிரிவில் அதிகம்.

இவ்விடத்தில் வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சிகிச்சையை ஆதரிப்போர் ஒரு மறுப்பு எழுப்பினர். '1.3 மடங்கு அழுத்தத்துக் காற்றும் ஒரு மருந்தே. இரு பிரிவுமே மருந்து பெற்றன. இரு பிரிவுமே முன்னேறின' என்றனர். இம்மறுப்பை நாம் எள்ளி நகையாடவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், அக்காற்று சாதாரண அழுத்தத்தில் 27 விழுக்காடு பிராணவாயுவுக்கு ஒப்பாகும். அது மருந்தென்றால், மூக்கில் ஒரு சிறு குழாய் வைத்து எந்த மருத்துவமனையிலும் தந்துவிடலாமே, இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கலத்திற்குள் ஏன் புக வேண்டும் என்ற கேள்வி நமக்கு எழுந்தது. நம்முடன் படித்த மருத்துவரும் அதைக் கேட்டுச் சிரித்தார்.

ஆயினும் அறிவியலில் கேள்வியால் வழக்குத் தீராது, சோதனையால்தான் தீரும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அச்சோதனை நடந்தது. அங்கே ஒரு நுட்பம் செய்தனர். இரு பிரிவினருக்கும் அழுத்தம் ஒன்றே: ஒன்றரை மடங்கு. ஒரு பிரிவுக்குத் தூய பிராணவாயு. மறு பிரிவுக்கு 14 விழுக்காடு பிராணவாயு மட்டுமே கொண்ட காற்று. பதினான்கை ஒன்றரையால் பெருக்கினால் இருபத்தொன்று. அதாவது கலத்திற்குள் இருந்தும், உடலுக்குக் கிட்டுவது முற்றத்தில் கிடைக்கும் அதே அளவுதான். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள 49 பிள்ளைகள் சேர்க்கப்பட்ட நிலையில், இடைக் கணக்குப் பார்த்தபோது, தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று கண்டு ஆய்வை நிறுத்தினர். 2012-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

நம் நாட்டுச் சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தில்லியில் 150 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தீவிரப் பயிற்சியோடு கலத்திலும் இருந்த பிள்ளைகள், பயிற்சி மட்டும் பெற்றவரைவிட மேம்பட்டனர் என்று எழுதியுள்ளனர். ஆனால் அங்கே பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. எவர் எதைப் பெறுகிறார் என்பது குடும்பத்தாருக்கும் தெரியும். கியூபெக், ஒகையோ ஆய்வுகளுக்கு ஈடாக அதனை வைக்க இயலாது.

பெற்றோர் கண்டது பொய்யா?

அப்படியானால், "எங்கள் பிள்ளை தேறினானே, எங்கள் கண்ணால் கண்டோமே" என்னும் பெற்றோர் பொய்யரா? இல்லவே இல்லை. கியூபெக்கில் வெறுங்காற்றுப் பெற்ற பிள்ளைகளும் மெய்யாகவே முன்னேறினர் என்பதை மறவாதீர். காரணங்கள் பல. முதலாவது, பிள்ளைகள் வளர்கின்றனர். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 657 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எச்சிகிச்சையும் சிறப்பாகச் செய்யாதபோதும் இப்பிள்ளைகள் ஏறக்குறைய ஐந்து வயது வரை விரைந்து முன்னேறுவர் என்றும், பின்னர் அவ்வேகம் குறையும் என்றும் காட்டிற்று. மூன்று வயதில் எதைக் கொடுத்தாலும், நான்கு வயதில் பிள்ளை சற்று மேலாகவே இருக்கும். புகழ் கொடுத்ததற்குப் போய்விடும்.

அடுத்தது நமக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. அந்த இரண்டு மாதமும் தாயோ தந்தையோ வேறு வேலையின்றிப் பிள்ளையோடேயே இருக்கின்றனர். பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் கவனித்துப் பாராட்டுகின்றனர். வீட்டில் மூலையில் கிடந்த பிள்ளை புதிய மனிதரைக் காண்கிறது, பேருந்தில் போகிறது, பிற பிள்ளைகளோடு பழகுகிறது. நாம் முன்னர் உதவி திரட்டிக் கொடுத்த அந்தக் குடும்பத்தை, இக்கட்டுரைக்காக அல்ல, மன்னிப்புக் கேட்பதற்காகவே சென்று கண்டோம். அச்சிறுவன் இப்போது பதின்மூன்று வயதினன். சக்கர நாற்காலியில் இருந்தபடியே நம்மை அடையாளம் கண்டு சிரித்தான். தந்தை நம்மீது குறை சொல்லவில்லை. "அந்த இரண்டு மாதம் நான் வேலைக்குப் போகவில்லை, சாமி. அவனும் நானும் ஒன்றாகவே இருந்தோம். அவன் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம்" என்றார். மக்கள் தந்தது போக அவர் வாங்கிய கடனில் இன்னும் பாக்கி உண்டு என்பதை அவர் மனைவிதான் வாயிற்படியில் நின்று சொன்னார்.

தீங்கில்லையே, செய்து பார்த்தால் என்ன என்பாருக்கு இரண்டு செய்திகள். பிராணவாயு உயிரளிப்பது, அளவு மீறினால் அதுவே ஊறு செய்வது. 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு அளித்தனர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கண்ணிழந்தனர். மெல்போர்ன் நகரத்து மருத்துவர் கேட் கேம்ப்பெல் 1951-இல் பிராணவாயுவையே ஐயுற்று எழுதினார். வாஷிங்டன் நகர மருத்துவமனை ஒன்றில் ஆர்னல் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் அதே காலத்தில் இதனைச் சோதிக்க முற்பட்டு, சில குழந்தைகளுக்குப் பிராணவாயுவைக் குறைத்தார். அங்கிருந்த செவிலியர் சிலர், 'குழந்தையைக் கொல்கிறாரே' என்று பதறி, இரவில் யாருமறியாமல் குழாயைத் திறந்துவிட்டனராம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், இரக்கமுள்ளவர்கள். பதினெட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வுதான் பாட்ஸின் ஐயம் சரியே என்று இறுதியில் நிலைநாட்டிற்று. பின்னர் அச்சத்தினால் மிகக் குறைத்தபோது, குழந்தைகள் மூச்சின்றி இறந்ததும் உண்டு. பரிவோடு பீடத்தின் முன்நின்று காசு கேட்ட நமக்கு, அந்தச் செவிலியரின் நினைவு அடிக்கடி வருகிறது.

மற்றொன்று நெருப்பு. தூய பிராணவாயு நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். 2009-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு, மூளை முடக்குவாதமுள்ள நான்கு வயதுச் சிறுவனை இச்சிகிச்சைக்கென்றே அழைத்துச் சென்றனர். கலத்திற்குள் அவனுடன் பாட்டியும் இருந்தார். உள்ளே தீப்பற்றியது. பாட்டி மறுநாளும், பேரன் சில வாரங்களுக்குப் பின்னும் இறந்தனர். 2025 சனவரியில் மிச்சிகன் மாநிலத்தில், வேறு குறைகளுக்காகக் கலத்தில் வைக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறே மாண்டான். முறையாக நடத்தப்படும் மருத்துவமனைகளில் இத்தகைய விபத்து அரிது என்பது உண்மை. ஆனால் நன்மை காணப்படாத இடத்தில் அரிய தீமையும் அதிக விலையன்றோ? அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2013-இல் மூளை முடக்குவாதத்தின் பெயரையே குறிப்பிட்டு, இக்கலம் அதற்கு ஏற்கப்படவில்லை என்று மக்களை எச்சரித்தது. காது, வலிப்பு ஆகியவற்றைத் தனியே சொல்லத் தேவையில்லை. மலைப்பாதைப் பேருந்தில் காது அடைப்பதை அறிவோம். சரியாக விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த அடைப்பு வேதனையாகும். வலிப்புள்ள பிள்ளைகளுக்கோ மிகுந்த பிராணவாயு வலிப்பைத் தூண்டவும் கூடும்.

பின் எதுதான் உதவும்?

ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவர் குழுவினரும் 2013-இல் இந்நோய்க்குரிய சிகிச்சைகள் அனைத்தையும் தொகுத்து, சாலை விளக்குகளைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகுத்தனர். அழுத்தப் பிராணவாயு சிவப்பில் நிற்கிறது. பச்சையில் நிற்பவற்றைக் கண்டபோது நமக்கு வியப்பாயிருந்தது. ஏனெனில் அவற்றுட் சில மிக எளியவை. வீட்டில் பெற்றோரே நாள்தோறும் செய்விக்கும் பயிற்சித் திட்டம் அவற்றுள் ஒன்று. பிள்ளை தானே விரும்பும் ஒரு செயலை, அதாவது படியேறுதலை, குழாயடி வரை நடத்தலை, இலக்காக வைத்து, அச்செயலையே பலமுறை பழக்குதல் மற்றொன்று. பயிற்சியாளர் காலைப் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, பிள்ளை தானே முயன்று தவறித் தவறிக் கற்பதே மூளைக்குப் பாடம். நடையும் சமநிலையும் நடந்தும் தடுமாறியுமே வரும். கால் தசையின் விறைப்பைச் சில மாதம் தளர்த்தும் ஊசி, கணுக்காலுக்கு அளவெடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் தாங்கி, பிடித்து நடக்கும் நடைவண்டி, தக்க பிள்ளைகளுக்கு முதுகெலும்பின் நரம்பு வேர்களில் செய்யும் அறுவை ஆகியனவும் உண்டு. எதுவும் காயத்தை ஆற்றாது. நடக்கும் வாய்ப்புள்ள பிள்ளையை நடக்கச் செய்யும்; வாய்ப்பில்லாத பிள்ளையைச் சக்கர நாற்காலியில் நேராக அமர்ந்து பள்ளிக்குப் போகச் செய்யும். நடை எல்லாருக்கும் வராது என்பதைப் பெற்றோரிடம் மென்மையாக ஆனால் மறைக்காமல் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம், ஏனெனில் நாம் விசாரித்த பெற்றோரில் ஒருவர்கூட அதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்லக் குழியை விட்டு நழுவுகிறது. தொடக்கத்தில் வலியில்லை, வெளியில் தெரிவதுமில்லை. தெரியும்போது காலம் கடந்திருக்கும். சுவீடன் நாட்டின் தென்பகுதியில் 1994 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து வருகின்றனர். முன்னர் நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு முழுதும் கழன்றுவிடும் மூட்டு, அதன்பின் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கழல்கிறது. ஓர் எக்ஸ்ரேயின் செலவு எவ்வளவு, நாற்பது முறைப் பிராணவாயுவின் செலவு எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அரசு வழி உதவியும் உண்டு. 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. பயிற்சி அங்கே இலவசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சுட்டியே சேர்த்துள்ளது. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு ஓர் இலட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதோர்க்கு எழுதிக் கொடுப்பது நம் பங்கு இளைஞர்க்கு இயலாத காரியமன்று.

பத்தாம் நாள் அத்தம்பதியர் மீண்டும் வந்தனர். நாம் படித்ததைச் சொன்னோம். தந்தை நெடுநேரம் பேசவில்லை. தாய் மட்டும், "அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா, சாமி?" என்று கேட்டாள். அக்கேள்வியில் இருந்த வெறுமை நம்மைச் சுட்டது. நிலத்தை விற்கத் துணிந்தவளிடம் அந்தத் துணிவைப் பறித்துவிட்டு வெறுங்கையுடன் அனுப்பியது போலாயிற்று. அடுத்த கிழமையே மருத்துவரோடு அவர்களை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரேயில் இடப்பக்க இடுப்பு சிறிது நழுவத் தொடங்கியிருந்தது. இன்னும் காலம் கடக்கவில்லை என்றனர்.

நிலம் விற்கப்படவில்லை. கணுக்கால் தாங்கி வந்துவிட்டது. வீட்டு முற்றத்தில் தந்தை இரண்டு இரும்புக் குழாய்களைப் பிள்ளையின் இடுப்புயரத்தில் நட்டிருக்கிறார். காலையும் மாலையும் அவள் அவற்றைப் பிடித்து நிற்கிறாள். சென்ற மாதம் நாம் வீடு சந்திக்கச் சென்றபோது, குழாயின் மறுமுனையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அடைய நான்கு அடி எடுத்து வைத்தாள். ஐந்தாம் அடியில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குட்டியை இன்னும் சற்றுக் கிட்டே கட்டச் சொல்லி அப்பாவிடம் சண்டையிட்டாள். அவர் மறுத்துவிட்டார். அடுத்த எக்ஸ்ரே புரட்டாசியில்.